பாக்ஸ் 12-ல் இருக்கும் வரிவிலக்கு டிவிடெண்டை மாநில ரிட்டர்னில் எப்படிக் காட்டுவது?

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் திருப்பிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வருடம் முழுக்கக் கலிஃபோர்னியாவில்தான் இருந்திருக்கிறீர்கள். ப்ரோக்கர் அனுப்பிய 1099-டிஐவி-யில், அதாவது வருடத்தில் வந்த டிவிடெண்டைக் காட்டும் படிவத்தில், பாக்ஸ் 12-ல் 2,060 டாலர் இருக்கிறது. அதில் 1,420 நாடு முழுக்க உள்ள முனிசிபல் பாண்டுகளை, அதாவது மாநிலங்களும் நகரங்களும் வெளியிடும் கடன் பத்திரங்களை, வைத்திருக்கும் ஃபண்டில் வந்தது, மீதி 640 கலிஃபோர்னியா முனிசிபல் பாண்ட் ஃபண்டில் வந்தது. ரிட்டர்ன் தயாரிக்கும் மென்பொருளான டர்போடாக்ஸ் "இது எந்த மாநிலத்திலிருந்து வந்தது" என்று கேட்டு நிற்கிறது. ஃபண்ட் கம்பெனியின் பட்டியலில் எல்லா மாநிலத்துக்கும் ஒரு சதவீதம் போட்டிருக்கிறார்கள். அத்தனையையும் ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டுமா, கலிஃபோர்னியா என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போய்விடலாமா, வரிவிலக்கு என்று படிவத்திலேயே போட்டிருக்கும்போது இதை ஏன் கேட்கிறார்கள் என்பது கேள்வி. கூடவே, வீடு வாங்கச் சேர்த்து வைத்த பணம் ஃபெடரல் அரசின் குறுகிய காலக் கடன் பத்திரங்களில் பணம் போடும் ஒரு டிரெஷரி மணி மார்க்கெட் ஃபண்டில் இருப்பதாகவும், அதில் வந்த 6,300 டாலர் பாக்ஸ் 1ஏ-வில் சாதாரண டிவிடெண்டாக இருப்பதால் அதை அப்படியே விட்டுவிட்டதாகவும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்.

அவசரத்தில் இருந்தால் இதை மட்டும் படித்துக்கொள்ளுங்கள். எல்லா மாநிலத்தையும் தட்ட வேண்டாம், இரண்டே பதிவு போதும். ஆனால் மொத்தத்தையும் கலிஃபோர்னியா என்று போடுவது தவறு. அப்புறம், உங்களுக்குக் கிடைக்க வேண்டிய பணம் அதிகமாக இருப்பது நீங்கள் கவலைப்பட்ட 2,060-ல் அல்ல, கவலைப்படாமல் விட்ட 6,300-ல். கீழே எழுதுவதெல்லாம் ஏன் அப்படி, எவ்வளவு என்பதுதான். நான் என்ரோல்டு ஏஜென்ட், அதாவது ஐஆர்எஸ் என்ற ஃபெடரல் வரித் துறையின் உரிமம் பெற்ற வரி ஆலோசகர், பல வருடங்களாக ரிட்டர்ன் தயாரித்துக் கொடுக்கிறேன், என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள்தான். இந்தக் கேள்வி ஒவ்வொரு சீசனிலும் தவறாமல் வருகிறது.

இது புரியாமல் போவதில் ஆச்சரியம் இல்லை. இந்தியாவில் சம்பளத்துக்கும் வட்டிக்கும் வருமான வரி போடுவது மத்திய அரசு மட்டும்தான். மாநிலங்கள் போடக்கூடியது விவசாய வருமானத்துக்கு மட்டும். அதனால் "வரிவிலக்கு" என்றால் விலக்கு, அதோடு முடிந்தது என்றுதான் நமக்குப் பழக்கம். அமெரிக்காவில் இரண்டு அரசாங்கங்கள் ஒரே வருமானத்தைத் தனித்தனிச் சட்டத்தை வைத்துக்கொண்டு பார்க்கின்றன. பாக்ஸ் 12 சொல்வது ஒரே ஒரு விஷயத்தைத்தான்: இந்தத் தொகைக்கு ஐஆர்எஸ் வரி கேட்காது. கலிஃபோர்னியா கேட்குமா என்பதற்கு அந்தப் படிவத்தில் பதிலே இல்லை. டர்போடாக்ஸ் கேட்பது அந்த விடுபட்ட பதிலைத்தான்.

ஃபெடரல் பக்கம் சுலபம். மாநிலங்களும், அவற்றுக்குக் கீழே உள்ள நகரம், கவுன்டி, பள்ளி மாவட்டம் போன்றவையும் வாங்கும் கடனுக்குக் கொடுக்கும் வட்டிக்கு ஃபெடரல் வரி கிடையாது, இது வரிச் சட்டத்தின் 103-வது பிரிவு. ஒரு மியூச்சுவல் ஃபண்ட் ஒவ்வொரு காலாண்டு முடிவிலும் தன் சொத்தில் பாதியாவது இப்படிப்பட்ட பாண்டுகளில் வைத்திருந்தால், அந்த வட்டியை "வரிவிலக்கு வட்டி டிவிடெண்ட்" என்ற பெயரிலேயே உங்களுக்குக் கடத்திவிடலாம். அதுதான் பாக்ஸ் 12. வரி இல்லை என்றாலும் ஃபெடரல் ரிட்டர்னான 1040 படிவத்தில் 2ஏ வரியில் (லைனில்) அதைக் காட்டியாக வேண்டும். விட்டுவிடக்கூடாது, ஏனென்றால் அந்த எண்ணை வேறு சில கணக்குகள் எடுத்துக்கொள்கின்றன. உங்களோடு இருக்கும் பெற்றோர் சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியமோ மெடிகேர் மருத்துவக் காப்பீடோ பெறுகிறவர்களாக இருந்து அவர்கள் பெயரில் முனிசிபல் பாண்ட் ஃபண்ட் இருந்தால் இதைக் கவனியுங்கள்: சோஷியல் செக்யூரிட்டியில் எவ்வளவுக்கு வரி என்பதற்கும், மெடிகேர் ப்ரீமியம் கூடுமா என்பதற்கும் 2ஏ எண்ணையும் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். பாக்ஸ் 13-ல் ஏதாவது இருந்தால் அது பாக்ஸ் 12-க்குள்ளேயே அடங்கிய ஒரு பகுதி, மாற்று குறைந்தபட்ச வரிக்கணக்குக்காகத் தனியாகக் காட்டியிருக்கிறார்கள், இரண்டையும் கூட்டிவிடாதீர்கள்.

மாநிலப் பக்கம் வருவோம். வருமான வரி உள்ள மாநிலங்களில் பெரும்பாலானவற்றின் பொது விதி இது: என் மாநிலத்து பாண்ட் என்றால் வரி இல்லை, பக்கத்து மாநிலத்து பாண்ட் என்றால் வரி உண்டு. தன் மாநில மக்கள் தன் பாண்டை வாங்க வேண்டும், அதனால் குறைந்த வட்டிக்குக் கடன் கிடைக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். இது பாரபட்சம், மாநிலங்களுக்கு இடையேயான வணிகத்தைப் பாதிக்கிறது என்று வழக்குப் போட்டு அது உச்ச நீதிமன்றம் வரை போனது. கென்டக்கி வருவாய்த் துறைக்கும் டேவிஸ் தம்பதிக்கும் நடந்த அந்த வழக்கில் 2008-ல் தீர்ப்பு மாநிலத்துக்குச் சாதகமாக வந்தது. ஆகவே இதில் சந்தேகத்துக்கு இடமில்லை: டெக்சாஸ் பள்ளி மாவட்ட பாண்டில் வந்த வட்டிக்குக் கலிஃபோர்னியா வரி போடலாம், போடவும் செய்கிறது. ப்யூர்டோ ரிகோ, குவாம், யு.எஸ். வெர்ஜின் தீவுகள் போன்ற பிரதேசங்களின் பாண்டுகளுக்கு மட்டும் ஃபெடரல் சட்டமே பாதுகாப்புக் கொடுத்திருக்கிறது, எந்த மாநிலமும் அவற்றின் வட்டிக்கு வரி போட முடியாது. நாடு தழுவிய ஃபண்டுகளில் இவை சின்னச் சின்னச் சதவீதமாகக் கலந்திருக்கும்.

இப்போது உங்கள் கையில் உள்ள காகிதத்தைப் பார்ப்போம். ப்ரோக்கரின் 1099 பிடிஎஃப் நீளமானது. முதல் பக்கத்தில் பாக்ஸ்கள் வரிசையாக இருக்கும். பாக்ஸ் 12-ல் இருப்பது எல்லா ஃபண்டும் சேர்ந்த கூட்டுத்தொகை, அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. பின்னால் போனால் டிவிடெண்ட் விவரப் பக்கங்கள் வரும், அங்கே ஒவ்வொரு ஃபண்டுக்கும் மாதாமாதம் வந்த தொகையும் கடைசியில் அந்த ஃபண்டின் மொத்தமும் இருக்கும். 1,420, 640 என்று நீங்கள் பிரித்தது அங்கிருந்துதான் என்று நினைக்கிறேன், சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள். மாநிலவாரிச் சதவீதம் சில ப்ரோக்கர்களின் பிடிஎஃப்பில் கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் இருக்கும், சிலவற்றில் இருக்கவே இருக்காது. வேன்கார்ட், ஃபிடெலிட்டி போன்ற ஃபண்ட் நிறுவனங்கள் வருட ஆரம்பத்தில் தங்கள் தளத்தில் இதைத் தனி ஆவணமாகப் போடுகின்றன. ஃபண்ட் எந்த நிறுவனத்துடையதோ அந்த நிறுவனத்தின் ஆவணத்தைத்தான் எடுக்க வேண்டும், ப்ரோக்கர் யார் என்பது இங்கே முக்கியமில்லை. சென்ற வருடத்து ஆவணத்தை எடுத்துவிடாதீர்கள், சதவீதம் வருடத்துக்கு வருடம் மாறும்.

நாடு தழுவிய ஃபண்டில் கலிஃபோர்னியாவின் பங்கு 12 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். நிறையப் பேர் என்ன செய்கிறார்கள் என்றால், 1,420-ல் 12 சதவீதம் 170 டாலர், அதற்குக் கலிஃபோர்னியாவில் வரி இல்லை என்று கழித்துவிடுகிறார்கள். பொது அறிவுக்கு அது சரியாகத்தான் படும், வேறு பல மாநிலங்களில் அது சரியும்கூட. கலிஃபோர்னியாவில் தவறு. இங்கே ஒரு வாசல் இருக்கிறது: ஃபண்ட் ஒவ்வொரு காலாண்டு முடிவிலும் தன் சொத்தில் குறைந்தது 50 சதவீதத்தைக் கலிஃபோர்னியா வரி போடாத பத்திரங்களில், அதாவது கலிஃபோர்னியா பாண்டு, ஃபெடரல் அரசின் பத்திரம் போன்றவற்றில் வைத்திருந்தால்தான் அந்த விலக்கு ஃபண்டைத் தாண்டி உங்கள் கைக்கு வரும். நாடு தழுவிய ஃபண்ட் எதுவும் அந்த வாசலைத் தாண்டாது. ஆகவே 1,420 முழுவதும் கலிஃபோர்னியாவில் வரிக்கு உட்பட்ட வருமானம், அந்த 170 உட்பட. அதே கலிஃபோர்னியா பாண்டை நீங்கள் நேரடியாக உங்கள் கணக்கில் வாங்கி வைத்திருந்தால் வரி இருந்திருக்காது. நியாயமா என்று என்னிடம் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன், ஆனால் சட்டம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

கலிஃபோர்னியா ஃபண்ட் அந்த வாசலைத் தாராளமாகத் தாண்டும். ஆனால் பெயரில் கலிஃபோர்னியா இருப்பதாலேயே நூற்றுக்கு நூறு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உதாரணத்துக்கு அதில் கலிஃபோர்னியா 98, ப்யூர்டோ ரிகோவும் குவாமும் சேர்ந்து 1.5, மற்றவை அரை சதவீதம் என்றால், 640-ல் 99.5 சதவீதம், அதாவது 637 டாலர் விலக்கு. மிச்சம் 3 டாலர் வரிக்கு உட்பட்டது. இரண்டு ஃபண்டையும் சேர்த்தால் விலக்கு 637, வரிக்கு உட்பட்டது 1,423. மென்பொருளில் தட்ட வேண்டியது இந்த இரண்டு எண்கள் மட்டும்தான். பாக்ஸ் 12 முடிந்ததும் வரும் திரையில் ஒன்றுக்கு மேற்பட்ட மாநிலம் என்று சொல்லி, கலிஃபோர்னியாவுக்கு எதிரே 637, இன்னொரு வரியில், கீழே விரியும் பட்டியலின் கடைசிக்குப் போனால் "பல மாநிலங்கள்" என்ற பொருளில் ஒரு தேர்வு இருக்கும், அதற்கு எதிரே 1,423. அலபாமாவுக்கு ஒன்றரை டாலர், அரிசோனாவுக்கு இரண்டு டாலர் என்று தட்டுவதால் யாருக்கும் பயனில்லை, ஏனென்றால் கலிஃபோர்னியாவுக்கு வேண்டியது "எங்களுடையதா, இல்லையா" என்ற ஒரே பதில்தான். பிறகு ஷெட்யூல் சிஏ-யை, அதாவது ஃபெடரல் எண்களைக் கலிஃபோர்னியாவுக்கு ஏற்பக் கூட்டிக் கழிக்கும் இணைப்பைத் திறந்து, வட்டி வரிக்கு எதிரே கூட்டல் பத்தியில், அதாவது சி பத்தியில், 1,423 வந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். அங்கே ஒன்றுமே இல்லையென்றால் முழுவதையும் கலிஃபோர்னியா என்று எங்கோ தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். 2,060 இருந்தால் பிரித்தது பதிவாகவில்லை.

பண மதிப்பில் பார்த்தால், நீங்கள் 9.3 சதவீத வரி அடுக்கில் இருப்பதாக வைத்துக்கொண்டால் 1,423-க்கு மாநில வரி ஏறத்தாழ 132 டாலர். எல்லாம் கலிஃபோர்னியா என்று போட்டால் அந்த 132-ஐக் கட்டாமல் விட்டதாகிறது. எல்லாம் வெளி மாநிலம் என்று போட்டால் 59 டாலர் கூடுதலாகக் கட்டியிருப்பீர்கள். சின்னத் தொகைதானே என்று தோன்றலாம். ஆனால் உங்கள் ஃபெடரல் ரிட்டர்ன் தகவல் கலிஃபோர்னியா வரி வாரியத்துக்கும் போகிறது, 2ஏ-யில் ஒரு தொகை இருந்து ஷெட்யூல் சிஏ-யில் எதுவும் இல்லை என்பது எளிதில் கண்ணில் படக்கூடிய விஷயம். நோட்டீஸ் வந்தால் வட்டியோடு வரும், பதில் எழுதுவதற்கு நீங்கள் செலவழிக்கும் நேரம் அந்த 132-ஐவிடப் பெரிது.

இதைப் படிக்கும் மற்றவர்கள் வேறு மாநிலத்தில் இருப்பார்கள், உங்கள் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது என்பதற்காக இதையும் சொல்லிவிடுகிறேன். நியூயார்க்கில் முனிசிபல் பாண்ட் ஃபண்டுக்கு அந்த 50 சதவீத வாசல் இல்லை. நாடு தழுவிய ஃபண்டில் நியூயார்க்கின் பங்கு எவ்வளவோ அவ்வளவுக்கு வரி இல்லை, மீதியை அந்த மாநில ரிட்டர்னான ஐடி-201-ல் 20-வது வரியில் கூட்டிக் காட்ட வேண்டும். நியூஜெர்சி இன்னும் கடுமை. எடிசனிலும் ஜெர்சி சிட்டியிலும் நம்மவர்கள் இத்தனை பேர் இருந்தும் இது பலருக்குத் தெரியவில்லை: ஃபண்டின் முதலீட்டில் 80 சதவீதமாவது நியூஜெர்சி வரி போடாத பத்திரங்களில் இருந்தால்தான் அதற்குத் தகுதியுள்ள ஃபண்ட் என்ற அந்தஸ்து. அது இல்லாத நாடு தழுவிய ஃபண்டில் உள்ள நியூஜெர்சிப் பங்குக்கும் வரி உண்டு. நியூஜெர்சி ஃபெடரல் வருமான எண்ணிலிருந்து கணக்கைத் தொடங்குவதும் இல்லை, அதனால் 16ஏ வரியில் வரிக்கு உட்பட்ட வட்டி, 16பி-யில் விலக்கு வட்டி என்று அவர்கள் முறைப்படியே பிரித்து எழுத வேண்டும். மின்னசோட்டாவில் ஃபண்டின் வரிவிலக்கு டிவிடெண்டில் 95 சதவீதமாவது மின்னசோட்டா பாண்டுகளிலிருந்து வந்திருந்தால் வெளி மாநிலப் பங்கை மட்டும் கூட்டினால் போதும், குறைந்தால் முழுவதையும் கூட்ட வேண்டும். இல்லினாயில் 2ஏ-யில் உள்ள தொகை முழுவதும் அந்த மாநில ரிட்டர்னான ஐஎல்-1040-ன் 2-வது வரியில் ஏறிவிடும், தன் சொந்த பாண்டுகளில்கூட சிலவற்றுக்குத்தான் அங்கே விலக்கு. விஸ்கான்சினும் தன் பாண்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு வரி போடும் மாநிலம். இந்தியானாவில் வெளி மாநில பாண்டு 2012-க்கு முன் வாங்கியதா, பின் வாங்கியதா என்று ஒரு பிரிவு. டெக்சாஸ், ஃப்ளோரிடா, வாஷிங்டனில் இருப்பவர்கள் இந்தத் திரையில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் வரி மாறாது, தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, 6,300-க்கு வருவோம். முனிசிபல் பாண்டுக்கு நேர் எதிரான நிலைமை இங்கே. ஃபெடரல் அரசு வாங்கும் கடன், அதாவது டிரெஷரி பில், நோட், பாண்ட், இவற்றின் வட்டிக்கு ஐஆர்எஸ் வரி கேட்கும், மாநிலம் கேட்க முடியாது. ஃபெடரல் சட்டமே மாநிலங்களின் கையைக் கட்டிவைத்திருக்கிறது. டிரெஷரி பில்லை நேரடியாக வாங்கியிருந்தால் அது 1099-ஐஎன்டி-யில் பாக்ஸ் 3-ல் தனியாக வரும், மென்பொருள் தானாகவே மாநில ரிட்டர்னில் கழித்துவிடும். மணி மார்க்கெட் ஃபண்ட் வழியாகவோ பங்குச் சந்தையில் வாங்கி விற்கும் டிரெஷரி ஃபண்ட் (ஈடிஎஃப்) வழியாகவோ வந்தால் அது வட்டியாக வராது, டிவிடெண்டாக பாக்ஸ் 1ஏ-வில் மற்ற எல்லா டிவிடெண்டோடும் கலந்து நிற்கும். மென்பொருளுக்கு அதை அடையாளம் தெரியாது. 1099-டிஐவி-யில் அதற்கென்று ஒரு பாக்ஸும் இல்லை. நீங்களாகச் சொன்னால்தான் உண்டு. பாக்ஸ் 12 விஷயத்தில் மென்பொருள் உங்களை நிறுத்திக் கேள்வி கேட்கிறது, இங்கே யாரும் கேட்பதில்லை, அதனால்தான் இத்தனை பேர் தங்களுக்குச் சேர வேண்டியதை வருடா வருடம் விட்டுவிடுகிறார்கள். மணி மார்க்கெட் வட்டி ஐந்து சதவீதத்தைத் தொட்ட 2023, 2024 ரிட்டர்ன்களில் இது சின்னத் தொகை இல்லை. வீட்டுக்கான முன்பணத்தை அங்கே போட்டு வைத்திருந்தவர்கள் யாராவது ரிட்டர்னைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தால் நான் முதலில் திறப்பது இந்தப் பக்கத்தைத்தான்.

செய்ய வேண்டியது இது. அதே ஃபண்ட் நிறுவனத்தின் வரித் தகவல் பக்கத்தில் "அமெரிக்க அரசுப் பத்திரங்களிலிருந்து வந்த வருமானம்" என்று இன்னொரு ஆவணம் இருக்கும். உங்கள் ஃபண்டுக்கு எதிரே உள்ள சதவீதத்தை எடுத்து, அந்த ஃபண்ட் கொடுத்த டிவிடெண்டால் பெருக்க வேண்டும். 80 சதவீதம் என்றால் 6,300-ல் 5,040. 9.3 சதவீத வரி அடுக்கில் ஏறத்தாழ 469 டாலர். டர்போடாக்ஸில் 1099-டிஐவி-யை உள்ளிட்ட பிறகு வரும் அடுத்த திரையில், இந்த டிவிடெண்டில் ஒரு பகுதி அமெரிக்க அரசு வட்டி என்று ஒரு தேர்வுப் பெட்டி இருக்கும், அதை டிக் செய்தால் தொகை கேட்கும், 5,040 என்று டாலரில் போடுங்கள், சதவீதத்தைப் போட்டுவிடாதீர்கள். ஷெட்யூல் சிஏ-யில் இந்த முறை கழித்தல் பத்தியில், அதாவது பி-யில், அந்தத் தொகை வந்திருக்க வேண்டும். நியூயார்க்கில் இதற்கு ஐடி-201-ன் 28-வது வரி.

டிரெஷரி ஃபண்ட் என்று பெயர் இருக்கும்போது 80 ஏன், 100 ஏன் இல்லை என்று கேட்பீர்கள். மணி மார்க்கெட் ஃபண்டுகள் பணத்தில் ஒரு பகுதியை ரெப்போவில் போடும், அதாவது டிரெஷரியை ஈடாக வைத்துக்கொண்டு குறுகிய காலத்துக்குக் கடன் கொடுக்கும். பத்திரம் டிரெஷரி என்றாலும் வட்டியைக் கட்டுவது அரசு இல்லை, கடன் வாங்கியவர். 1994-ல் நெப்ராஸ்கா வருவாய்த் துறை வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஒரு கடன் என்றே பார்த்து, மாநிலம் வரி போடலாம் என்று சொல்லிவிட்டது. அதேபோல வீட்டுக் கடன்களை அடிப்படையாக வைத்த ஜின்னி மே பத்திரத்துக்கு அரசு உத்தரவாதம் இருந்தாலும் அதன் வட்டி மாநில வரிக்கு உட்பட்டது, இது 1987-ல் முடிவான விஷயம். வீட்டுக் கடன் நிறுவனங்களான ஃபேனி மே, ஃப்ரெடி மேக் பத்திர வட்டிக்கும் விலக்கு இல்லை. ஃபெடரல் ஹோம் லோன் பேங்க், ஃபெடரல் ஃபார்ம் கிரெடிட் பத்திரங்களுக்கு விலக்கு உண்டு. இதெல்லாம் கலந்துதான் அந்தச் சதவீதம் வருகிறது, நீங்களாக ஊகித்துப் போடக்கூடாது என்று சொல்வதும் அதனால்தான்.

இங்கேயும் கலிஃபோர்னியாவின் 50 சதவீத வாசல் உண்டு, நியூயார்க்கும் கனெக்டிகட்டும் அரசுப் பத்திர விஷயத்தில் அதே வாசலை வைத்திருக்கின்றன. எந்தக் காலாண்டு முடிவிலும் ஃபண்ட் பாதிக்குக் கீழே இறங்கியிருக்கக் கூடாது. ப்ரோக்கர் கணக்கில் சும்மா கிடக்கும் பணம் தானாகப் போய்ச் சேரும் "கவர்ன்மென்ட்" அல்லது "ஃபெடரல்" மணி மார்க்கெட் ஃபண்டுகள் ரெப்போவை நிறைய வைத்திருப்பதால் பல வருடங்களில் இந்த வாசலில் தடுக்கி விழும். அப்படி விழுந்தால், அரசுப் பத்திரப் பங்கு 45 சதவீதம் என்று ஆவணத்தில் இருந்தாலும், இந்த மூன்று மாநிலத்தில் உங்களுக்கு விலக்கு பூஜ்யம். நியூஜெர்சியில் அப்படி இல்லை, ஃபெடரல் பத்திரப் பங்கு எவ்வளவோ அவ்வளவுக்கு விலக்கு உண்டு. எந்த ஃபண்ட் இந்த மூன்று மாநிலத்தின் நிபந்தனையை நிறைவேற்றியது என்பதை ஃபண்ட் நிறுவனங்கள் ஆவணத்தில் நட்சத்திரக் குறியோ அடிக்குறிப்போ போட்டுச் சொல்லிவிடும். அந்தக் குறியைத் தேடாமல் சதவீதத்தை மட்டும் எடுத்துவிட்டுப் போவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. உங்கள் ஃபண்டின் பெயரை நீங்கள் சொல்லவில்லை. டிரெஷரி என்று பெயரிலேயே இருக்கும் ஃபண்டுகள் பொதுவாகத் தாண்டிவிடும், ஆனாலும் உங்கள் வருடத்து ஆவணத்தில் அந்தக் குறியைப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

நம்மவர்களுக்கே உரிய இன்னொரு குழப்பம் உண்டு, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர்கள் இந்திய வங்கியில் வைக்கும் என்ஆர்இ டெபாசிட் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. தேசிய நெடுஞ்சாலை ஆணையம் போன்ற நிறுவனங்கள் வெளியிட்ட டாக்ஸ்-ஃப்ரீ பாண்டுகளின் வட்டிக்கும் அங்கே வரி இல்லை. இதையெல்லாம் "வரிவிலக்கு வட்டி" என்று 1040-ன் 2ஏ-யில் எழுதி வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது தவறு. 103-வது பிரிவின் விலக்கு அமெரிக்க மாநிலங்கள், பிரதேசங்களின் கடனுக்கு மட்டும்தான். இந்தியாவில் வரியில்லாத வட்டிக்கு இங்கே ஃபெடரலிலும் வரி உண்டு, மாநிலத்திலும் உண்டு, அது வரிக்கு உட்பட்ட வட்டிக்கான 2பி-யில் போக வேண்டிய தொகை. இந்தியக் கம்பெனி டிவிடெண்டுக்கு அங்கே பிடித்த டிடிஎஸ்-ஐ ஃபெடரலில் வெளிநாட்டு வரிக் கழிவாகக் கேட்கலாம், ஆனால் கலிஃபோர்னியா அந்தக் கழிவைத் தனிநபருக்குக் கொடுப்பதில்லை, இரட்டை வரி ஒப்பந்தத்தையும் பின்பற்றுவதில்லை. கலிஃபோர்னியாவில் இருந்துகொண்டு இந்தியாவில் பெரிய தொகையை டெபாசிட்டில் வைத்திருப்பவர்கள் வட்டி விகிதத்தை ஒப்பிடும்போது இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வருட நடுவில் மாநிலம் மாறியவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜூலையில் டாலஸிலிருந்து சான் ஹோசேக்குக் குடிபெயர்ந்தவர், டிவிடெண்ட் விவரப் பக்கத்தில் மாதவாரித் தொகையை எடுத்து, கலிஃபோர்னியாவில் குடியிருந்த மாதங்களில் வந்ததற்கு மட்டும் மேலே சொன்ன சதவீதக் கணக்கைப் போட வேண்டும். இவர்களுக்கான கலிஃபோர்னியாப் படிவம் 540என்ஆர். மென்பொருள் நாள் கணக்கில் பங்கு போட்டுக் காட்டினால் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள், உண்மையில் எந்தத் தேதியில் வந்தது என்பதுதான் கணக்கு.

இதுவரை சொன்னதில் எது உறுதி, எதில் கொஞ்சம் இழுபறி என்றும் பிரித்துவிடுகிறேன். வெளி மாநில பாண்டுக்கு வரி உண்டு, டிரெஷரிக்கு மாநில வரி இல்லை, கலிஃபோர்னியாவில் 50 சதவீத வாசல் உண்டு, எல்லா மாநிலத்தையும் பிரித்து எழுதத் தேவையில்லை: இந்த நான்கும் உறுதி. இழுபறி எங்கே என்றால், வாசலைத் தாண்டாத நாடு தழுவிய ஃபண்டில் உள்ள ப்யூர்டோ ரிகோ, குவாம் பங்கில். பாண்டுக்கு ஃபெடரல் சட்டத்தின் பாதுகாப்பு இருக்கும்போது ஃபண்ட் வழியாக வந்தால் மட்டும் அது எப்படிப் போய்விடும் என்று வாதம் செய்யலாம், அந்த வாதத்தில் பொருள் இருக்கிறது. ஆனால் உங்கள் 1,420-ல் அது ஒரு சதவீதம் என்றால் 14 டாலர், வரி ஒரு டாலர் சொச்சம். அதற்காக வாதாடுவதில் அர்த்தமில்லை, வரிக்கு உட்பட்டதாகவே காட்டிவிடுங்கள், நானும் அப்படித்தான் செய்கிறேன். ஃபண்ட் நிறுவனம் மாநிலவாரித் தகவலே வெளியிடாவிட்டால் முழுவதையும் வெளி மாநிலமாகக் காட்டுவதுதான் பாதுகாப்பானது, விலக்குக் கேட்பவர்தான் ஆதாரம் காட்ட வேண்டும். நான் உங்கள் காகிதங்களைப் பார்க்கவில்லை, 12, 98, 80 என்று மேலே போட்ட சதவீதங்கள் எல்லாம் கணக்கைக் காட்டுவதற்காக நான் வைத்துக்கொண்டவை, உங்கள் ஃபண்டுகளின் உண்மையான எண்ணை நீங்கள்தான் எடுத்துப் போட வேண்டும். படிவங்களில் வரி எண்களும் வருடத்துக்கு வருடம் நகரும், அந்த வருடத்துக் குறிப்பேட்டோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

முந்தைய வருடங்களிலும் டிரெஷரி ஃபண்ட் டிவிடெண்டை இப்படியே விட்டிருந்தால் பணம் போய்விடவில்லை. கலிஃபோர்னியாவில் பொதுவாக ரிட்டர்ன் ஃபைல் செய்ததிலிருந்து நான்கு வருடத்துக்குள் ரீஃபண்ட் கேட்கலாம், திருத்திய 540-ஓடு (கலிஃபோர்னியா ரிட்டர்ன் படிவம்) திருத்தத்தை விளக்கும் ஷெட்யூல் எக்ஸ் இணைத்து அனுப்ப வேண்டும். ஃபெடரல் ரிட்டர்னைத் தொட வேண்டியதில்லை, அங்கே எதுவும் மாறவில்லை. ஆனால் அதே வருடங்களில் பாக்ஸ் 12-ஐ முழுக்கக் கலிஃபோர்னியா என்று போட்டிருந்தால், திருத்தும்போது இரண்டையும் சேர்த்தே திருத்துங்கள், உங்களுக்கு வர வேண்டியதை மட்டும் கேட்டுவிட்டு மற்றதை அப்படியே விட முடியாது. ஒவ்வொரு வருடத்துக்கும் ஃபண்ட் நிறுவனத்தின் இரண்டு ஆவணங்களையும் பிடிஎஃப்பாக இறக்கி 1099-ஓடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள், பழைய வருடத்து ஆவணங்களை நிறுவனங்கள் தளத்திலிருந்து எடுத்துவிடுவது உண்டு, மூன்று வருடம் கழித்து நோட்டீஸ் வந்தால் அந்தச் சதவீதத்தை வேறெங்கும் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம். ஃபண்டின் பெயரையும் வருடத்தையும் எழுதினால் வாசலைத் தாண்டியதா என்பதை நானும் பார்த்துச் சொல்கிறேன்.